நடு இருக்கையின் வலிமை

ஒரு வட்ட மேசை. அதைச் சுற்றி ஐந்து மாணவர்கள் அமர்ந்திருக்கிறார்கள். ஆனால் ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. மேசையின் நடுவிலிருந்து கிளம்பும் பலகைத் தடுப்புகள் அவர்களைத் தனித்தனியே பிரித்து வைத்திருக்கின்றன. வாய் திறந்து பேசக்கூடாது. தபால் பெட்டியின் வாயைப் போன்ற துளைகள் தடுப்புகளில் உள்ளன. சொல்ல விரும்புவதைத் துண்டுச் சீட்டில் எழுதி அத்துளையின் வழியே அனுப்பலாம். எந்தத் துளை திறந்திருக்க வேண்டும், எது மூடியிருக்க வேண்டும் என்பதை ஆய்வாளர் முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறார்.

மாணவர்களுக்குத் தரப்படும் புதிர் மிக எளியது. வட்டம், முக்கோணம், சதுரம், நட்சத்திரக் குறி என ஆறு சின்னங்கள். ஒவ்வொருவர் கையிலும் உள்ள அட்டையில் அவற்றுள் ஐந்து இருக்கும், ஒன்று இருக்காது. ஐவரின் அட்டையிலும் பொதுவாக இருப்பது ஒரே ஒரு சின்னம்தான். அது எது என்று ஐவரும் கண்டுபிடித்தாக வேண்டும்.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் அலெக்ஸ் பாவெலாஸ் என்ற உளவியலறிஞர் தொடங்கி வைத்த ஆராய்ச்சி வரிசையில் இது ஒன்று. அவருடைய மாணவர் ஹரால்டு லெவிட் இதை நடத்தி, 1951-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார். அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்ற பழைய கேள்விக்கு, பணம், படை, பதவி, பேச்சு வன்மை என்று பல விடைகளை நாம் அறிவோம். லெவிட்டின் மேசையில் இவற்றுள் எதுவும் இல்லை. ஒரே கழகத்தில் பயிலும், ஏறக்குறைய ஒரே வயதுடைய நூறு மாணவர்கள். யார் எந்த இருக்கையில் அமர்வது என்பதும் தற்செயலே. அங்கே வேறுபட்டவை துளைகள் மட்டும்தான்.

துளைகளைத் திறந்தும் மூடியும் லெவிட் நான்கு அமைப்புகளை உண்டாக்கினார். ஒன்றில் ஐவரும் வட்டமாக, ஒவ்வொருவரும் தம் இரு பக்கத்தாருடன் மட்டும் தொடர்பு கொள்ளலாம். மற்றொன்றில் ஐவரும் ஒரு சங்கிலி. கடைக்கோடியில் உள்ள இருவருக்கு ஒரே ஒரு துளைதான். மூன்றாவது, கவட்டைக் கம்பு போன்ற வடிவம். நான்காவது சக்கரம்: நடுவில் ஒருவர், அவரிடமிருந்து ஆரக்கால்களைப்போல் நான்கு வழிகள். ஓரத்தில் உள்ள நால்வரும் அவருக்கு மட்டுமே எழுத முடியும்.

சக்கரத்தில் வேலை ஓர் ஒழுங்குக்கு வரச் சில சுற்றுகளே போதுமாயிருந்தன. ஓரத்திலுள்ள நால்வரும் தம் சின்னங்களை எழுதி நடுவில் இருப்பவருக்கு அனுப்பினார்கள். அவர் விடையைக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பினார். இப்படிச் செய்யுங்கள் என்று யாரும் சொல்லித்தரவில்லை. திறந்திருந்த துளைகளே சொல்லித்தந்தன. வட்டத்தில் இருந்தவர்களுக்கு அத்தகைய முறை எதுவும் அமையவில்லை. சீட்டுகள் நிறையப் பறந்தன, தவறுகளும் மிகுதியாக நேர்ந்தன, அவற்றை அவர்களே திருத்தியும் கொண்டார்கள்.

எல்லாம் முடிந்தபின், "உங்கள் குழுவுக்குத் தலைவர் என்று யாரும் இருந்தாரா? இருந்தால் அவர் யார்?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்கப்பட்டது. சக்கரக் குழுக்களில் ஏறக்குறைய எல்லாரும் நடுவில் இருந்தவரையே சுட்டினர். வட்டக் குழுக்களிலோ பாதிப்பேர் அளவில் யாரையுமே குறிப்பிடவில்லை. குறிப்பிட்டவர்களும் ஆளுக்கொருவரைச் சொன்னார்கள். வேலை பிடித்திருந்ததா என்ற கேள்விக்கு, நடுவில் இருந்தவர் மகிழ்ச்சியோடு பதில் சொன்னார். ஓரத்தில் இருந்தவர்கள் அலுத்துப்போயிருந்தனர். இதில் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. விரைவாக வேலை முடித்த குழுவில்தான் பெரும்பாலோர் மனக்குறையோடு இருந்தனர். தடுமாறிய வட்டக் குழுவினர் தங்கள் வேலையை விரும்பியே செய்தனர். நிர்வாகத் திறமையை நேரக்கணக்கு ஒன்றாலேயே அளப்பவர்கள் இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டும்.

நடு இருக்கையின் இன்னொரு குறை பிறகு வெளிப்பட்டது. அதே கழகத்தில் 1950-களின் தொடக்கத்தில் சின்னங்களுக்குப் பதிலாகக் கோலிக்குண்டுகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். சிவப்பு, பச்சை என்று தெளிவான நிறங்கள் இருந்தவரை சிக்கல் இல்லை. பிறகு, பல நிறம் கலந்து கலங்கலாகத் தெரியும் குண்டுகளைத் தந்தார்கள். ஒரே குண்டை ஒருவர் "வெளிர் பச்சை" என்பார், மற்றவர் "நீலம்" என்பார். சக்கரக் குழுக்களில் தவறுகள் குறையவே இல்லை. வட்டக் குழுக்களோ சில சுற்றுகளில், எந்தக் குண்டை என்ன பெயரால் அழைப்பது என்று தமக்குள் ஓர் உடன்பாட்டுக்கு வந்து, தவறுகளைப் பெரிதும் குறைத்துவிட்டன. நடுவில் இருப்பவரிடம் எல்லாச் செய்தியும் வந்து குவிகிறது. ஆனால் செய்தியே தெளிவற்றதாக இருக்கும்போது, ஓரத்தில் இருப்பவர்கள் தமக்குள் பேசிச் சரிபார்க்க வழியில்லை. மார்வின் ஷா என்பவர் 1954-இல் கடினமான கணக்குகளைக் கொடுத்துச் சோதித்தபோதும், மையமில்லாத குழுக்களே முந்தின. நடுவில் இருந்தவர் சீட்டுகளின் குவியலில் மூச்சுத் திணறியதே காரணம்.

நடுவில் இருந்தும் எளியவர்

இதுவரை பார்த்தது செய்தி. கொடுக்கல் வாங்கல் என்று வந்துவிட்டால் கதை மாறுகிறது.

ரிச்சர்டு எமர்சன் என்ற அமெரிக்கச் சமூகவியலறிஞர் 1962-இல் ஓர் எளிய கருத்தை முன்வைத்தார். அதிகாரம் என்பது ஒருவர் மடியில் முடிந்து வைத்திருக்கும் பொருள் அல்ல; அது இருவருக்கிடையே உள்ள உறவு. நான் உங்களை எவ்வளவு சார்ந்திருக்கிறேனோ, அவ்வளவே என்மீது உங்களுக்குள்ள அதிகாரம். அந்தச் சார்பு இரண்டைப் பொறுத்தது: உங்களிடம் உள்ளது எனக்கு எவ்வளவு தேவை என்பது ஒன்று, அது வேறிடத்தில் எனக்குக் கிடைக்குமா என்பது மற்றொன்று.

இக்கருத்தை அவரும் கேரன் குக் முதலிய அறிஞர்களும் ஆய்வுக்கூடத்தில் சோதித்தார்கள். வாசகர்கள் ஒரு தாளை எடுத்துக்கொண்டு தாமே இதைச் செய்து பார்க்கலாம்.

மூன்று புள்ளிகளை ஒரே வரிசையில் இட்டுக் கோட்டால் இணையுங்கள். ஒவ்வொரு கோட்டின்மீதும் 24 மதிப்பெண்கள் இருப்பதாகக் கொள்வோம். கோட்டின் இரு முனைகளிலும் இருப்பவர்கள் பேரம் பேசி அதைப் பங்கிட்டுக்கொள்ளலாம். ஆனால் ஒரு சுற்றில் ஒருவர் ஒரே ஒருவருடன்தான் பேரம் முடிக்கலாம். முதற்சுற்றில் நடுவில் இருப்பவரும் ஓரத்தில் ஒருவரும் பன்னிரண்டு பன்னிரண்டாகப் பிரித்துக்கொள்வார்கள். மற்ற ஓரத்தவருக்கு ஒன்றுமில்லை. அடுத்த சுற்றில் அவர், "எனக்குப் பத்துப் போதும்" என்று இறங்கி வருவார். அதற்கடுத்த சுற்றில் முதல்வர், "எனக்கு எட்டு" என்பார். நடுவில் இருப்பவர் மிரட்டவோ வற்புறுத்தவோ வேண்டியதில்லை. அவர் சும்மா இருந்தாலே போதும். ஓரத்து இருவரும் ஒருவரையொருவர் கீழே தள்ளிக்கொண்டு போவார்கள்.

இப்பொழுது வரிசையை ஐந்து புள்ளிகளாக நீட்டுங்கள். அவற்றுக்கு க, ச, ட, த, ப என்று பெயரிடுங்கள். யாருக்கு அதிக மதிப்பெண் கிடைக்கும்? நட்டநடுவில் இருக்கும் 'ட'வுக்குத்தான் என்று பலரும் சொல்வார்கள். லெவிட்டின் சங்கிலியில் அந்த இடத்தில் இருந்தவரைத்தான் பெரும்பாலும் தலைவராக எண்ணினார்கள்.

பேரத்தில் நடப்பது வேறு. 'க'வுக்குச் 'ச'வை விட்டால் வேறு கதியில்லை. 'ப'வுக்கும் 'த'வை விட்டால் யாருமில்லை. ஆகவே 'ச'வின் வாசலிலும் 'த'வின் வாசலிலும் எப்போதும் ஓர் ஆள் காத்து நிற்கிறார். 'ட' யாருடன் பேரம் பேச முடியும்? 'ச'வுடனோ 'த'வுடனோ மட்டும்தான். இருவரும் "எனக்கு வேறு ஆள் இருக்கிறார்" என்று சொல்லக்கூடியவர்கள். எண்ணிப் பார்த்தால் க, ட, ப என்று மூவர். அவர்கள் நாடக்கூடியவர்கள் ச, த என்று இருவரே. ஒவ்வொரு சுற்றிலும் மூவரில் ஒருவர் வெறுங்கையுடன் நிற்க வேண்டியதுதான். படத்தில் மையத்தில் இருக்கும் 'ட'வும், கடைக்கோடியில் கிடக்கும் 'க'வும் ஒரே நிலையில்தான் இருக்கிறார்கள். இதையொத்த ஓர் ஐவர் அமைப்பை மனிதர்களை வைத்தும் கணினியிலும் சோதித்து, குக், எமர்சன் குழுவினர் 1983-இல் முடிவை வெளியிட்டனர். மையத்தில் இருந்தவருக்கு அதிகாரம் சேரவில்லை.

பிலிப் பொனாசிக் என்பவர் 1987-இல் இதற்கு ஒரு கணித வடிவம் தந்தார். செய்தி ஓடும் வலையில், தொடர்பு மிகுந்தவர்களோடு தொடர்பு கொள்வது நன்மை. பேரம் நடக்கும் வலையிலோ, வேறு போக்கிடம் இல்லாதவர்களோடு தொடர்பு கொள்வதே நன்மை. கேட்பதற்குக் கசப்பாக இருக்கலாம். ஆனால், "பெரிய இடத்துத் தொடர்பு" உள்ளவர் ஏன் பல சமயம் பெரிய இடத்தின் வாசலிலேயே நிற்கிறார் என்பதற்கு இதில் விளக்கம் இருக்கிறது.

ஃபிளாரன்சு நகரத்து உறவுமுறை

ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே வருவோம். இத்தாலியிலுள்ள ஃபிளாரன்சு நகரில் 15-ஆம் நூற்றாண்டில் மெடிச்சி குடும்பத்தார் எப்படி அதிகாரத்துக்கு வந்தார்கள் என்பது வரலாற்றாசிரியர்கள் நெடுநாள் வாதிட்டு வந்த கேள்வி. அவர்கள் வட்டித்தொழில் நடத்திய செல்வர்கள். ஆனால் ஸ்ட்ரோசி குடும்பத்தார் அவர்களைவிடப் பெருஞ்செல்வர்களாக இருந்தார்கள். நகராட்சி மன்றங்களிலும் மிகுதியான இடங்கள் பெற்றிருந்தார்கள். அப்படியிருக்க, வென்றது மெடிச்சி.

ஜான் பாட்ஜெட், கிறிஸ்டபர் ஆன்செல் என்ற இரு அறிஞர்கள் அந்நாளைய ஃபிளாரன்சின் 92 குடும்பங்களுக்கிடையே இருந்த திருமணம், வணிகக் கூட்டு, கடன், நட்பு ஆகியவற்றை வலையாக வரைந்து, 1993-இல் வெளியிட்டனர். அவற்றுள் முன்னணியில் இருந்த குடும்பங்களின் திருமண உறவு மட்டும் இன்று பாடநூல்களிலும் எடுத்துக்காட்டாக வருகிறது. அதில் மெடிச்சி குடும்பத்துக்கு ஆறு சம்பந்தங்கள், ஸ்ட்ரோசிக்கு நான்கு. இந்த வேறுபாடு பெரிதல்ல. வேறொரு கணக்கு போட்டுப் பார்க்க வேண்டும். ஏதேனும் இரண்டு குடும்பங்களை எடுத்துக்கொண்டு, ஒன்றிலிருந்து மற்றதற்கு உறவுமுறை வழியாகச் செல்லும் மிகக் குறுகிய பாதைகளைக் கண்டுபிடிக்க வேண்டும். அப்பாதைகளில் எத்தனை மெடிச்சி வீட்டின் வழியாகச் செல்கின்றன? எல்லா இணைகளுக்கும் கணக்கிட்டால், பாதிக்குச் சற்று மேல். ஸ்ட்ரோசி வீட்டின் வழியாகச் செல்பவை பத்தில் ஒரு பங்கு அளவே. இவ்வகைக் கணக்கை முறைப்படுத்தியவர் லின்டன் ஃப்ரீமன். அவர் அதை 1977-இல் வெளியிட்டார்.

இதைவிட நுட்பமான செய்தி ஒன்றுண்டு. மெடிச்சிகள் பெண் கொடுத்ததும் எடுத்ததும் பெரும்பாலும் நகரின் பிற பகுதிகளில் இருந்த பழங்குடிப் பிரபுக்களிடம். வணிகக் கூட்டு வைத்துக்கொண்டதோ, தம் அக்கம்பக்கத்தில் புதிதாகத் தலையெடுத்த வணிகர்களிடம். சம்பந்தி வேறு, பங்காளி வேறு. பிரபுக்கள் புதுப்பணக்காரர்களை ஏளனமாகப் பார்த்தவர்கள். இவ்விரு வகுப்பினரும் ஒருவரோடொருவர் கலக்கவில்லை. இருசாராரையும் சேர்த்துப் பிடித்த ஒரே முடிச்சு மெடிச்சி வீடு. எதிரணியாகிய ஆல்பிசி கூட்டத்தாரோ தமக்குள்ளேயே பெண் கொடுத்து, கடன் கொடுத்து, பின்னிப் பிணைந்து கிடந்தார்கள். ஆகவே அங்கே ஒவ்வொருவரும் தலைவர். ஒவ்வொருவருக்கும் தனி யோசனை.

1433-இல் எதிரணித் தலைவர் ரினால்டோ, கோசிமோ மெடிச்சியை நாடு கடத்தச் செய்தார். மறு ஆண்டே கோசிமோவைத் திருப்பி அழைக்கும் எண்ணமுடையவர்கள் ஆட்சிமன்றத்துக்கு வந்தார்கள். ரினால்டோ ஆயுதம் ஏந்தித் தம் கூட்டாளிகளை அழைத்தார். சிலர் வந்தனர், சிலர் தயங்கினர். யார் வருகிறார்கள் என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே நின்றனர். செல்வத்தில் முதல்வரான பல்லா ஸ்ட்ரோசி சொற்பத் துணையுடன் வந்து, திரும்பிப் போய்விட்டார். மெடிச்சி பக்கத்தார் கலங்காமல் ஒன்றுகூடினர். கோசிமோ வெற்றியுடன் திரும்பினார். ரினால்டோவும் பல்லாவும் நாடு கடத்தப்பட்டார்கள். கோசிமோ அதிகம் பேசாதவர், பதவிகளை நாடி ஓடாதவர் என்று சொல்வார்கள். அப்படி இருக்க அவரால் முடிந்தது. மற்றவர்கள்தாம் அவரிடம் வரவேண்டியிருந்தது.

கடலடியில் ஒரு துளை

செய்தி, பேரம் இரண்டும் ஒரே வலையில் சேரும்போது அதிகாரம் இன்னும் கூர்மையாகிறது. அதற்கு நல்ல எடுத்துக்காட்டு தந்தி.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் உலகைச் சுற்றிக் கடலடித் தந்திக் கம்பிகளைப் போட்டவர்களுள் பிரிட்டிஷ் கம்பெனிகளே முதன்மை பெற்றிருந்தன. 1870-இல் பம்பாயும் லண்டனும் கடலடிக் கம்பியால் இணைந்தன. 1902-இல் கனடாவிலிருந்து பசிபிக் கடல் வழியே ஆஸ்திரேலியாவுக்குக் கம்பி போடப்பட்டதும், பிரிட்டிஷ் மண்ணையே தொட்டுத் தொட்டு உலகத்தைச் சுற்றிவரும் தந்திப் பாதை முழுமையடைந்தது. அமைதிக் காலத்தில் இது வணிகம். எல்லா நாட்டாரும் காசு கொடுத்துத் தந்தி அனுப்பினார்கள்.

1914 ஆகஸ்டு 4-ஆம் நாள் பிரிட்டன் ஜெர்மனிமீது போர் தொடுத்தது. மறுநாள் விடியற்காலையில் 'அலர்ட்' என்ற கம்பிக் கப்பல் ஆங்கிலக் கால்வாயில் ஜெர்மனியின் கடலடிக் கம்பிகளைத் தூக்கி வெட்டியது. லெவிட்டின் மேசையில் ஒரு துளையை மூடியதுபோல. அன்றுமுதல் ஜெர்மனி கடல்கடந்து பேச வேண்டுமானால் வானொலியில் பேச வேண்டும். அதை எவரும் கேட்கலாம். அல்லது நடுநிலை நாடுகளின் கம்பியை இரவல் வாங்க வேண்டும்.

அமெரிக்கா அப்போது நடுநிலை நாடு. சமாதானப் பேச்சுக்கு உதவும் என்று கருதி, தன் தூதரகக் கம்பி வழியே ஜெர்மனி செய்தி அனுப்ப இசைவு தந்திருந்தது. அந்தக் கம்பியோ பிரிட்டன் வழியாகத்தான் சென்றது! 1917 ஜனவரியில் ஜெர்மானிய வெளிநாட்டமைச்சர் சிம்மர்மன் அதன் வழியே ஒரு சங்கேதத் தந்தி அனுப்பினார். அமெரிக்கா போரில் இறங்கினால், மெக்சிகோ ஜெர்மனியுடன் சேர வேண்டும். அதற்குப் பரிசாக டெக்சாஸ், நியூ மெக்சிகோ, அரிசோனா ஆகியவற்றை மீட்டுக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். பிரிட்டிஷ் கடற்படையின் சங்கேத அலுவலகம் அதைப் பிரித்துப் படித்துவிட்டது.

படித்ததை எப்படி வெளியே சொல்வது? அமெரிக்கக் கம்பியை ஒட்டுக் கேட்கிறோம் என்று அமெரிக்காவிடமே ஒப்புக்கொள்ள முடியுமா? ஆகவே மெக்சிகோ நகரத் தந்தி அலுவலகத்திலிருந்து அதே செய்தியின் பிரதி ஒன்றைத் தந்திரமாகப் பெற்று, அதையே ஆதாரமாகக் காட்டினார்கள். மார்ச் 1 அன்று அமெரிக்கப் பத்திரிகைகளில் செய்தி வெடித்தது. ஏப்ரல் 6 அன்று அமெரிக்கா போரில் இறங்கியது. அதற்கு வேறு காரணங்களும், குறிப்பாக நீர்மூழ்கிக் கப்பல் தாக்குதல்களும் இருந்தன என்பது உண்மையே. ஆனால் இந்தத் தந்தி பொதுமக்களின் மனத்தை மாற்றியதில் ஐயமில்லை.

வலையின் நடுவில் இருப்பவருக்கு இருவகை வலிமை உண்டு என்பது இக்கதையில் தெளிவாகத் தெரிகிறது. வழியை அடைப்பது ஒன்று. வழியைத் திறந்தே வைத்து, போகிறவர்களைக் கவனிப்பது மற்றொன்று. அடைப்பது உடனே எல்லாருக்கும் தெரிந்துவிடும். கவனிப்பது தெரியாது.

இன்றைய வங்கிகளுக்கிடையே பணப் பரிமாற்றச் செய்திகளைக் கொண்டுசெல்லும் 'ஸ்விஃப்ட்' என்ற கூட்டமைப்பு 1973-இல் பெல்ஜியத்தில் தோன்றியது. 200-க்கும் மேற்பட்ட நாடுகளில் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் அதில் இணைந்துள்ளன. பணம் அதன் வழியே நகர்வதில்லை. "இவருக்கு இவ்வளவு கொடு" என்ற செய்தி மட்டுமே நகர்கிறது. 2001-க்குப் பிறகு அமெரிக்க அரசு அதன் பதிவுகளை இரகசியமாகப் பெற்று ஆராய்ந்து வந்தது 2006-இல் பத்திரிகைகளில் வெளியாயிற்று. அது கவனிப்பது. 2012-இல் ஈரான் வங்கிகள் பலவும், 2022-இல் ரஷ்ய வங்கிகள் சிலவும் அதிலிருந்து துண்டிக்கப்பட்டன. அது அடைப்பது. சிம்மர்மன் காலத்துக் கதையேதான். கப்பலும் கோடரியும் மட்டும் தேவைப்படவில்லை.

அப்படியானால் எல்லாத் துளைகளையும் திறந்துவிட்டால் என்ன? இதையும் சோதித்திருக்கிறார்கள். 1955-இல் ஹரால்டு கெட்ஸ்கோ, ஹெர்பர்ட் சைமன் ஆகியோர், ஐவரில் எவரும் எவருக்கும் எழுதலாம் என்று விட்டுப் பார்த்தார்கள். பெரும்பாலான குழுக்கள் கொஞ்ச நேரத்தில் தாமாகவே ஒருவரை நடுவில் வைத்து, மற்றவர்கள் அவருக்கு அனுப்பும் முறையை ஏற்படுத்திக்கொண்டன. திறந்திருந்த துளைகள் பல பயன்படுத்தப்படாமலே கிடந்தன. உலகளாவிய இணையப் பக்கங்களிலும் இதையொத்த ஒன்று நடந்தது. எவரும் எவரையும் சுட்டலாம் என்று தொடங்கிய அந்த வலையில், ஆல்பர்ட் பாராபாசி குழுவினர் ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பக்கங்களை எண்ணிப் பார்த்து, 1999-இல் முடிவை வெளியிட்டனர். மிகப்பெரும்பாலான பக்கங்களுக்கு விரல்விட்டு எண்ணத்தக்க இணைப்புகளே இருந்தன. ஒருசில பக்கங்களுக்கோ ஆயிரக்கணக்கில். புதிதாக வரும் பக்கம், ஏற்கெனவே பலர் சுட்டும் பக்கத்தையே தானும் சுட்டுகிறது. கூட்டம் இருக்கும் கடைக்கே கூட்டம் போகிறது. யாரும் சதி செய்யாமலே மையங்கள் முளைத்துவிடுகின்றன.

ஓரத்தில் இருப்பவர் செய்யக்கூடியது என்ன என்பதையும் எமர்சன் 1962-லேயே பட்டியலிட்டிருந்தார். நடுவில் இருப்பவரிடம் உள்ளதை வேண்டாம் என்று விடலாம். அவருக்கு மதிப்பும் புகழும் தந்து, அவரும் நம்மை நாடும்படி செய்யலாம். வேறு வழி தேடலாம்: ரஷ்யா 2014-லிலும் சீனா 2015-லிலும் தமக்கென வங்கிச் செய்தி அமைப்புகளைத் தொடங்கியது இவ்வகை. நான்காவது, ஓரத்தில் உள்ளவர்கள் ஒன்றுசேர்வது. நம் மூன்று புள்ளி வரிசையில் இரு ஓரத்தவரும், "பன்னிரண்டுக்குக் குறைந்து எவரும் இறங்குவதில்லை, கிடைத்ததை நமக்குள் பங்கிட்டுக்கொள்வோம்" என்று ஒப்பந்தம் செய்துகொண்டால், நடுவில் இருப்பவரின் வலிமை அந்தக் கணமே போய்விடுகிறது. தாளில் ஒரு கோடு போட்டால் போதும். ஆனால் அந்த இருவருக்கும் இடையே துளை இருக்க வேண்டும். சக்கரத்தில் மூடப்பட்டிருந்தவை அந்தத் துளைகள்தாம்.